சீன இலக்கணம் எந்த நிலையில் பழுதாகிறது? அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

சீன மொழியின் இலக்கணத்தை நிலைவாரியாகப் படிப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் தேக்கம் வருவது வழக்கம். நான்காம் நிலைப் பாடநூல் கையில் இருக்கும். பயிற்சிகளுக்குச் சரியான விடை எழுதவும் முடியும். ஆனால் சொந்தமாக ஒரு பத்தி எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மை நிறைந்துவிடும். அந்தத் திருத்தங்களை வரிசையாகப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை நான்காம் நிலைப் பாடத்தைச் சேர்ந்தவையாக இருக்க மாட்டா. முதல் நிலையிலோ இரண்டாம் நிலையிலோ அரைகுறையாகப் பதிந்த ஒரு கூறு, மேல்நிலையின் நீண்ட வாக்கியத்தில் அழுத்தம் கூடும்போது வெளியே தெரிகிறது. ஆகவே பிழை தெரிகிற நிலையில் மருந்து தேடாமல், அது தோன்றிய நிலைக்கு இறங்கிச் சென்று திருத்த வேண்டும் என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

சீனச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. தமிழ் எழுத்தில் தொனியையோ மூச்சொலி வேறுபாட்டையோ முழுமையாகக் காட்ட இயலாது. ஆகவே ஒவ்வொரு சொல்லின் பின்யின் (சீன ஒலிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் முறை) வடிவத்தையும் உங்கள் பாடநூலில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரே இலக்கணக் கூறு ஒரு நூலில் இரண்டாம் நிலையிலும் இன்னொன்றில் நான்காம் நிலையிலும் இருக்கிறது

இது உங்கள் பழுது அன்று, அளவுகோல்களின் வேறுபாடு. சீனாவின் சீனமொழித் திறன் தேர்வான எச்எஸ்கே நெடுங்காலம் ஆறு நிலைகளைக் கொண்டிருந்தது. அவற்றின் சொற்பட்டியல்கள் 150, 300, 600, 1200, 2500, 5000 என்று வளர்ந்தன. 2021 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தரநிலை மூன்று கட்டங்களாகவும் ஒன்பது நிலைகளாகவும் பிரிக்கப்பட்டது. அதில் முதல் நிலைக்கே 500 சொற்கள் உள்ளன. மொத்தம் 11,092 சொற்கள். இலக்கணக் கூறுகள் 572. அவற்றில் முதல் நிலைக்கு 48, இரண்டாம் மூன்றாம் நிலைகளுக்கு 81 வீதம், நான்காம் நிலைக்கு 76, ஐந்தாம் நிலைக்கு 71, ஆறாம் நிலைக்கு 67, ஏழு முதல் ஒன்பது வரை ஒன்றுசேர 148. தைவானின் சீனமொழித் திறன் தேர்வான டிஓசிஎஃப்எல் தனக்கென வேறொரு பகுப்பை வைத்திருக்கிறது. எனவே ‘மூன்றாம் நிலை’ என்று ஒரு நூல் சொல்லும்போது, எந்த அளவுகோலின் மூன்றாம் நிலை என்று முதலில் கேட்க வேண்டும். பழைய ஆறு நிலை வரிசையில் அச்சான இலக்கண நூலையும் புதிய ஒன்பது நிலைப் பட்டியலையும் ஒருசேர வைத்துக்கொண்டு படிப்பதைப் போல் நேரத்தை வீணாக்கும் செயல் வேறில்லை. ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே தொடருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பட்டியலில் உள்ள எண் ஒரு கூறு முதன்முதலில் அறிமுகமாகும் இடத்தைத்தான் காட்டுகிறது. ஒரே இடைச்சொல் வெவ்வேறு பொருளில் பல நிலைகளில் திரும்ப வரும். ‘லெ’ என்ற இடைச்சொல்லை முதல் நிலையிலேயே பார்த்துவிட்டதால் அதை முடித்துவிட்டதாக எண்ணிக் கட்டத்தில் குறியிட்டு நகர்வதே, பின்னால் சொல்லப்படும் பல பழுதுகளுக்கும் மூலம்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

ஒரு கூறு உண்மையில் கைவசம் இருக்கிறதா என்பதை அறிய, அதை வைத்து ஒரு நேர்மறை வாக்கியம் எழுதுங்கள். பிறகு அதே வாக்கியத்தை எதிர்மறையாக்குங்கள்; வினாவாக்குங்கள்; அதனுள் ஒரு கால அளவைச் சேருங்கள்; இறுதியாக அதை ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் அடைமொழியாக மாற்றுங்கள். இந்த நான்கு மாற்றங்களையும் தடுமாறாமல் செய்ய முடிந்தால் அந்தக் கூறு உங்களுடையது. எதிர்மறையில் தடுக்கினால் காரணம் பெரும்பாலும் ‘லெ’யிலும் மறுப்புச் சொற்களான ‘மெய்’, ‘பூ’ ஆகியவற்றிலும் இருக்கும். கால அளவில் தடுக்கினால் நிரப்பிகளில், அதாவது வினைக்குப் பின் வந்து அதன் பொருளை நிறைவாக்கும் சொற்களில், இருக்கும். பாடநூலின் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏனெனில் அங்கே பாதி வாக்கியத்தை நூலே அமைத்துத் தந்துவிடுகிறது.

அறிகுறி: ‘ஷி’ தேவையற்ற இடத்தில் நுழைகிறது, தேவையான இடத்தில் காணாமற்போகிறது

‘ஷி’ என்பது ‘ஆகும்’ என்ற பொருளில் எழுவாயையும் பெயர்ப் பயனிலையையும் இணைக்கும் சொல். தமிழர்களிடம் இந்தப் பழுது இரண்டு திசைகளிலும் காணப்படும். ஆங்கிலத்தின் வழியாகச் சீனம் படித்தவர் ‘அவர் உயரமானவர்’ என்பதற்கு ‘தா ஷி காவ்’ என்று எழுதுவார்; சரியான வடிவம் ‘தா ஹென் காவ்’. தமிழில் நினைத்து எழுதுபவரோ ‘அவர் ஆசிரியர்’ என்ற அமைப்பை அப்படியே வைத்து ‘தா லாவ்ஷி’ என்று நிறுத்திவிடுவார். அங்கே ‘தா ஷி லாவ்ஷி’ என்றுதான் வர வேண்டும். பயனிலை பெயராக இருந்தால் ‘ஷி’ வேண்டும், பண்பாக இருந்தால் வேண்டாம் என்பது முதல் விதி. வயது, தேதி, கிழமை ஆகியவற்றில் ‘ஷி’ இல்லாமலே பேசலாம்: ‘தா ஆர்ஷி சுய்’, அவருக்கு இருபது வயது. ஆனால் அதை மறுக்கும்போது ‘பூ ஷி’ திரும்பி வந்துவிடும்.

இந்த ‘ஹென்’ பெயருக்குத்தான் ‘மிக’ என்று பொருள்படும். சாதாரண வாக்கியத்தில் அது பண்பைப் பயனிலையாக நிறுத்துவதற்காக வரும் துணை மட்டுமே. ஒப்பீட்டு வாக்கியத்தில் அது வரவே கூடாது. ‘தா பீ வோ காவ்’ என்பதை ‘அவர் என்னைவிட உயரம்’ என்ற தமிழ் வரிசையோடு ஒப்பிட்டால் சொல்லுக்குச் சொல் பொருந்துவதைக் காணலாம். பொருந்திவிட்டது என்ற துணிச்சலில் ‘என்னைவிட மிகவும் உயரம்’ என்று சொல்ல ‘தா பீ வோ ஹென் காவ்’ என்று எழுதுவது அடுத்த பிழை. ‘தா பீ வோ காவ் தெ துவோ’ என்று அளவைப் பண்புக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

அறிகுறி: எண்ணுப்பெயர் வந்தவுடன் வாக்கியம் தடுமாறுகிறது

தமிழில் ‘மூன்று மாணவர்கள்’ என்று பன்மை விகுதி சேர்ப்பது இயல்பு. அதே பழக்கத்தில் ‘சான் கெ சுவேஷெங்மென்’ என்று ‘மென்’ சேர்க்கத் தோன்றும். எண் இருந்தால் ‘மென்’ கூடாது. ‘சான் கெ சுவேஷெங்’ போதும். எண்ணுக்கும் பெயருக்கும் இடையே ‘கெ’ போன்ற அளவுச்சொல் கட்டாயம். சுட்டுச்சொல்லும் சேர்ந்தால் வரிசை சுட்டு, எண், அளவுச்சொல், பெயர் என்றமையும்: ‘ஜே சான் பென் ஷூ’, இந்த மூன்று புத்தகங்கள். அளவுச்சொற்களைத் தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு பெயரையும் அதன் அளவுச்சொல்லோடு சேர்த்தே எழுதிப் பழகினால் இந்தப் பழுது சில வாரங்களில் தானாகவே குறையும்.

அறிகுறி: ‘உம்’ என்று நினைத்த இடத்தில் ‘யே’ பொருந்த மறுக்கிறது

தமிழின் ‘உம்’ எந்தச் சொல்லோடும் ஒட்டும்: நானும் வாங்கினேன், புத்தகமும் வாங்கினேன். ‘யே’ அப்படி அலையாது. எழுவாய்க்குப் பின், வினைக்கு முன் மட்டுமே நிற்கும். ‘வோ யே மாய் லெ ஷூ’ என்ற ஒரே வாக்கியம் மேற்சொன்ன இரண்டு பொருளையும் தரக்கூடியது. எது என்பதைச் சூழல் தீர்மானிக்கும். ‘எல்லாம்’ என்ற பொருளில் வரும் ‘தோ’ என்ற சொல்லுக்கும் இடம் இதுவே.

அறிகுறி: இறந்தகாலம் எழுதும்போதெல்லாம் ‘லெ’ வந்து விழுகிறது

எல்லா நிலைகளிலும் அதிகம் காணப்படும் பழுது இதுதான். தமிழ் வினைமுற்று காலம் காட்டாமல் நிற்காது. அந்தப் பழக்கத்தோடு சீனத்துக்குள் வருபவர், இறந்தகாலத்துக்கு ஏதேனும் ஓர் அடையாளம் இருந்தே தீரும் என்று எதிர்பார்க்கிறார். கண்ணில் பட்ட ‘லெ’யை அந்த வேலைக்கு அமர்த்திவிடுகிறார். ‘லெ’ காட்டுவது காலத்தை அன்று. செயல் நிறைவடைந்ததையோ நிலை மாறியதையோ அது காட்டும்.

இதை உறுதி செய்யச் சில வாக்கியங்களை வரிசையாகப் பாருங்கள். ‘ட்ஸுவோதியென் ஹென் லெங்’, நேற்று குளிராக இருந்தது. இறந்தகாலம், ஆனால் ‘லெ’ இல்லை, ஏனெனில் அது ஒரு நிலையைச் சொல்கிறது. ‘யிச்சியென் வோ ச்சாங்ச்சாங் ச்சூ பெய்ஜிங்’, முன்பு நான் அடிக்கடி பெய்ஜிங் போவேன். வழக்கத்தைச் சொல்வதால் இங்கும் இல்லை. ‘தா ஷுவோ தா பூ லாய்’, தான் வரவில்லை என்று அவர் சொன்னார். சொன்ன செய்தி பின்தொடரும்போது ‘சொல்’ என்ற வினைக்கு ‘லெ’ பொதுவாக வருவதில்லை. இதற்கு மாறாக, ‘மிங்தியென் வோ சியா லெ கெ ஜியூ ச்சூ’, நாளை வகுப்பு முடிந்ததும் போவேன். எதிர்காலம், ஆனால் ‘லெ’ இருக்கிறது, ஏனெனில் ஒரு செயல் முடிந்த பின்தான் அடுத்தது நிகழப்போகிறது. இரண்டு வினைகள் அடுத்தடுத்து வந்து ஒன்று மற்றொன்றின் நோக்கமாக இருந்தால் ‘லெ’ பிந்தியதோடு சேரும்: ‘வோ ச்சூ தூஷூகுவான் ஜியே லெ யி பென் ஷூ’, நான் நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகம் இரவல் வாங்கினேன்.

எதிர்மறையில் நிலைமை மேலும் தெளிவாகும். ‘வோ மெய் ச்சூ’ என்றால் நான் போகவில்லை. ‘மெய்’ வந்ததும் நிறைவு காட்டும் ‘லெ’ விலகிவிட வேண்டும். ‘வோ பூ ச்சூ லெ’ என்ற வாக்கியமோ முற்றிலும் வேறு: போவதாக இருந்தேன், இப்போது போகப்போவதில்லை. இங்குள்ள ‘லெ’ நிலைமாற்றத்தைக் காட்டும் இறுதி ‘லெ’. ‘சியா யூ லெ’, மழை வந்துவிட்டது, என்பதிலும் அதே மாற்றம்தான். இரண்டு ‘லெ’க்களும் ஒரே வாக்கியத்தில் வரும்போது பொருள் நுட்பமாக மாறும்: ‘வோ சுவே லெ சான் நியென் ஜோங்வென்’ என்றால் நான் மூன்று ஆண்டு சீனம் படித்தேன், இப்போதும் படிக்கிறேனா என்பது சொல்லப்படவில்லை, இறுதியில் இன்னொரு ‘லெ’ சேர்த்தால் மூன்று ஆண்டாகப் படித்துவருகிறேன் என்று ஆகும்.

திருத்தும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். நீங்கள் எழுதிய ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள ‘லெ’ அனைத்தையும் அடித்துவிட்டு மீண்டும் படியுங்கள். ஒவ்வொரு வினையிலும் ‘இங்கே எது முடிந்தது, அல்லது எது மாறியது?’ என்று கேட்டு, விடை கிடைத்த இடத்தில் மட்டும் திரும்பச் சேருங்கள். ‘நேற்று’ என்ற சொல் இருப்பது விடை ஆகாது.

இதன் கிளை அறிகுறி: ‘லெ’, ‘குவோ’, ‘ஜெ’ மூன்றும் குழம்புகின்றன

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நம் ‘இரு’ என்ற துணைவினை. ‘அவர் பெய்ஜிங் போயிருக்கிறார்’ என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. இப்போது அங்கே இருக்கிறார் என்றால் ‘தா ச்சூ லெ பெய்ஜிங்’. வாழ்வில் எப்போதோ போன அனுபவம் உண்டு என்றால் ‘தா ச்சூ குவோ பெய்ஜிங்’. ‘கதவு திறந்திருக்கிறது’ என்பதிலுள்ள ‘இரு’வோ மூன்றாவது வகை, செயலின் விளைவு நிலைத்திருப்பதைக் காட்டுவதால் அது ‘மென் காய் ஜெ’ என்றாகும். கதவைத் திறந்துகொண்டிருக்கிறார் என்ற தொடர்செயலுக்கு ‘தா ட்ஸாய் காய் மென்’. ஆகவே மனத்தில் ‘இரு’ தோன்றியவுடன் சீனத்துக்குத் தாவாமல், வாக்கியத்தில் ‘ஒரு தடவையாவது’ என்று சேர்த்துப் பாருங்கள்; பொருந்தினால் ‘குவோ’. எதிர்மறையிலும் ‘குவோ’ நிலைத்து நிற்கும்: ‘வோ மெய் ச்சூ குவோ’, நான் போனதே இல்லை. ‘லெ’ விலகுகிறது, ‘குவோ’ நிற்கிறது என்ற இந்த ஒரு வேறுபாடே இரண்டையும் பிரித்தறியப் போதுமானது.

அறிகுறி: ‘முடியும்’ என்பதற்கு எந்தச் சொல் என்று தெரியவில்லை

இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. கற்றுப் பெற்ற திறனுக்குத் தமிழில் ‘தெரியும்’ என்போம். சீனத்தில் ‘ஹுய்’: ‘வோ ஹுய் யோயோங்’, எனக்கு நீந்தத் தெரியும். சூழலோ உடல்நிலையோ இடங்கொடுப்பதற்கு ‘முடியும்’. சீனத்தில் ‘நெங்’: ‘வோ ஜின்தியென் பூ நெங் யோயோங்’, இன்று என்னால் நீந்த முடியாது. அனுமதிக்கு ‘நீந்தலாமா’ என்பதிலுள்ள விகுதி. சீனத்தில் ‘கெயி’: ‘ஜேலி கெயி யோயோங் மா’. தமிழ் வாக்கியத்தை முதலில் சரியாகச் சொல்லிக்கொண்டால் சீனச் சொல் பெரும்பாலும் தானே கிடைக்கும். எல்லைகள் சில இடங்களில் கலக்கும்; முடியும் என்ற பொருளில் வந்த ‘கெயி’யை மறுக்கும்போது ‘பூ நெங்’ வருவது அவற்றுள் ஒன்று. ‘மிங்தியென் ஹுய் சியா யூ’, நாளை மழை பெய்யும், என்பதில் ‘ஹுய்’ திறனைச் சுட்டாமல் வாய்ப்பைச் சுட்டுகிறது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செயலைச் சொல்ல முடிகிறது, விளைவைச் சொல்ல முடியவில்லை

‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதை ‘வோ ஜாவ் லெ, மெய் ஜாவ்தாவ்’ என்று சொல்ல வேண்டும். தேடுவது ‘ஜாவ்’, தேடியது கைக்கு வருவது ‘ஜாவ்தாவ்’. சீன வினைகளில் மிகப் பல, முயற்சியை மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன. விளைவுக்கு இன்னொரு வினையோ பண்போ பின்னால் ஒட்ட வேண்டும். பார்த்து முடிப்பது ‘கான்வான்’, கேட்டுப் புரிவது ‘திங்தோங்’. இந்த இணைகளின் நடுவே ‘தெ’ அல்லது ‘பூ’ வைத்தால் இயலும், இயலாது என்ற பொருள் பிறக்கும்: ‘திங் தெ தோங்’, ‘திங் பூ தோங்’. கேட்டும் புரியவில்லை என்பதற்கு ‘பூ நெங் திங்தோங்’ என்று எழுதுவது, மூன்றாம் நிலையைக் கடந்த பிறகும் இந்தக் கூறு பதியவில்லை என்பதற்கு உறுதியான அடையாளம். புதிய வினை ஒன்றைப் படிக்கும்போதே அதோடு சேரும் விளைவுச் சொற்கள் எவை என்று பார்த்து எழுதிவைப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

அறிகுறி: மூன்று ‘தெ’யும் ஒன்றுபோல ஒலிப்பதால் எழுத்தில் மாறிவிடுகின்றன

பேச்சில் இது பிழையாகத் தெரியாது. எழுதும்போது மட்டும் வெளிப்படும். பின்னால் பெயர் வந்தால், இடப்பக்கம் ‘வெள்ளை’ என்ற உறுப்பைக் கொண்ட எழுத்து. பின்னால் வினை வந்தால், ‘நிலம்’ என்று பொருள்படும் எழுத்து. முன்னால் வினை இருந்து, அச்செயல் எப்படி நிகழ்ந்தது என்ற மதிப்பீடு பின்வந்தால், ‘பெறு’ என்று பொருள்படும் எழுத்து.

இவற்றில் மூன்றாவதே சொல்வரிசையிலும் தொல்லை தருவது. ‘அவர் வேகமாகப் பேசுகிறார்’ என்பது ‘தா ஷுவோ தெ ஹென் குவாய்’ என்றாகும். ‘தெ’ வினையை மட்டுமே தொட்டு நிற்கும். செயப்படுபொருள் சேர்ந்தால் வினையை இரட்டித்து ‘தா ஷுவோ ஜோங்வென் ஷுவோ தெ ஹென் குவாய்’ என்றோ, முதல் வினையை விட்டுவிட்டு ‘தா ஜோங்வென் ஷுவோ தெ ஹென் குவாய்’ என்றோ எழுத வேண்டும். ‘ஜோங்வென் தெ’ என்று செயப்படுபொருளோடு ‘தெ’யை ஒட்டுவது தவறு.

அறிகுறி: ‘பா’ வாக்கியத்தைத் தவிர்த்தே எழுதுகிறீர்கள், அல்லது எல்லா இடத்திலும் போடுகிறீர்கள்

‘பா’ மூன்றாம் நிலையில் அறிமுகமாகிறது. ஆங்கில வழியில் படித்தவர்கள் இதைக் கண்டு அஞ்சுவார்கள்; தமிழர்கள் அஞ்சத் தேவையில்லை. ‘நான் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்’ என்பதும் ‘வோ பா ஷூ ஃபாங் ட்ஸாய் ஜுவோட்ஸ ஷாங் லெ’ என்பதும் ஒரே மனநிலையில் பிறப்பவை: செயப்படுபொருளை அடையாளம் இட்டு வினைக்கு முன்னால் கொண்டுவருகிறோம். நம் ‘ஐ’ பொருளுக்குப் பின்னால் ஒட்டுகிறது, ‘பா’ முன்னால் நிற்கிறது. ‘ஒரு புத்தகம் வாங்கினேன்’ என்பதில் ‘ஐ’ இல்லை, ‘அந்தப் புத்தகத்தை வாங்கினேன்’ என்பதில் இருக்கிறது. ‘பா’வும் அதேபோல், பேசுவோர் இருவருக்கும் தெரிந்த, குறிப்பிட்ட பொருளையே பெரும்பாலும் நாடும்.

ஒற்றுமை இவ்வளவு நெருக்கமாக இருப்பதே அடுத்த பழுதுக்கு வழி செய்கிறது. ‘ஐ’ வரும் இடமெல்லாம் ‘பா’ வரும் என்று எண்ணி, ‘எனக்கு அவரைப் பிடிக்கும்’ என்பதை ‘வோ பா தா ஷீஹுவான்’ என்று எழுதுகிறார்கள். ‘பா’ வர வேண்டுமானால் அந்தப் பொருளுக்கு ஏதேனும் ஆக வேண்டும்: இடம் மாற வேண்டும், உருமாற வேண்டும், தீர வேண்டும், ஒருவர் கைக்குப் போக வேண்டும். விரும்புவதாலோ அறிவதாலோ காண்பதாலோ பொருளுக்கு ஒன்றும் ஆவதில்லை. இதே காரணத்தால் ‘பா’ வாக்கியத்தில் வினை தனியாக நிற்காது; ‘வோ பா ஷூ கான்’ என்று நிறுத்த முடியாது, ‘வோ பா ஷூ கான்வான் லெ’ என்று விளைவைச் சொல்லி முடிக்க வேண்டும். முந்தைய பகுதியில் கண்ட விளைவு நிரப்பிகள் கைவசம் இல்லாதவருக்கு ‘பா’ வசப்படாது. ‘பா’ தடுமாறினால் அதையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வதைவிட, விளைவு நிரப்பிகளுக்குத் திரும்பிச் சென்று அவற்றை முடித்துவிட்டு வருவதே விரைவான வழி.

பழுது இன்னும் தொடர்ந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். எதிர்மறையும் துணைவினையும் ‘பா’வுக்கு முன்னால் வர வேண்டும்: ‘வோ மெய் பா ஷூ கான்வான்’, புத்தகத்தைப் படித்து முடிக்கவில்லை. தமிழில் எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இது நமக்கு இயல்பாக வராது. வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். இரண்டாவதாக, இயலும் இயலாது என்று காட்டும் ‘கான் தெ வான்’ போன்ற வடிவங்களை ‘பா’ ஏற்காது.

அறிகுறி: ‘பெய்’ சேர்த்த வாக்கியங்கள் செயற்கையாக ஒலிக்கின்றன

எழுத்துத் தமிழில் ‘எழுதப்பட்டது’, ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதிப் பழகியவர்கள் ஒவ்வொன்றையும் செயப்பாட்டைக் காட்டும் ‘பெய்’யாக மாற்றுகிறார்கள். பேச்சுச் சீனத்தில் ‘பெய்’ பெரும்பாலும் விரும்பத்தகாத நிகழ்வைச் சுட்டும்: ‘ஷூ பெய் தா நா ட்ஸோ லெ’, புத்தகத்தை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாருக்கும் பாதிப்பில்லாத இடத்தில் ‘பெய்’ இல்லாமலே சொல்லிவிடலாம்: ‘சின் சியே ஹாவ் லெ’. இதற்கு நேரான தமிழ் ‘கடிதம் எழுதப்பட்டுவிட்டது’ என்பதைவிட ‘கடிதம் எழுதியாயிற்று’ என்பதே. செய்தி நடையில் ‘தேர்ந்தெடுக்கப்பட்டார்’ போன்ற நல்ல செய்திகளுக்கும் ‘பெய்’ வருகிறது. அதைப் படிக்கும்போது அறிந்துகொண்டால் போதும்.

அறிகுறி: ‘ஜியூ’வும் ‘ட்ஸ்ஹாய்’யும் இடம் மாறுகின்றன, அதன்பின் ‘ஜியாவ்’, ‘ஜியோ’ இரண்டும் குழம்புகின்றன

இது இரண்டு நிலைகளில் தனித்தனிப் பழுதாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றே. ‘தா ச்சி தியென் ஜியூ லாய் லெ’, அவர் ஏழு மணிக்கே வந்துவிட்டார். ‘தா ச்சி தியென் ட்ஸ்ஹாய் லாய்’, அவர் ஏழு மணிக்குத்தான் வந்தார். கடிகாரம் காட்டுவது ஒரே நேரம், எதிர்பார்ப்புதான் வேறு. அந்த எதிர்பார்ப்பைத் தமிழில் ஏகாரமும் ‘தான்’ என்பதும் காட்டுகின்றன. முன்னதில் ‘லெ’ வருவதையும் பின்னதில் வராததையும் கூடவே கவனியுங்கள். தமிழில்கூட முன்னதில்தான் ‘வந்துவிட்டார்’ என்று சொல்லத் தோன்றுகிறது.

இதை உறுதியாகப் பற்றிக்கொண்டவருக்கு நிபந்தனை வாக்கியங்கள் எளிதாகிவிடும். ‘ஜியாவ் நீ லாய், வோ ஜியூ ச்சூ’, நீ வந்தாலே போதும், நான் போவேன். ‘ஜியோ நீ லாய், வோ ட்ஸ்ஹாய் ச்சூ’, நீ வந்தால்தான் நான் போவேன். முன்னது போதுமான நிபந்தனை, பின்னது இன்றியமையாத நிபந்தனை. இங்கும் அதே ஏகாரம், அதே ‘தான்’. தொடக்க நிலையில் மணி நேரத்தை வைத்துப் படித்ததைத்தான் இடைநிலையில் நிபந்தனையை வைத்துப் படிக்கிறோம். பாடநூல்கள் இந்தத் தொடர்பைச் சொல்லாமல் இரண்டையும் தனித்தனி இணைப்புச் சொற்களாகப் பட்டியலிடும்போதுதான் கற்பவர் குழம்புகிறார்.

வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டாம் வாக்கியப் பகுதியில் ‘ஜியூ’வும் ‘ட்ஸ்ஹாய்’யும் எழுவாய்க்குப் பின்னால்தான் வரும். ‘ஜியூ வோ ச்சூ’ என்பது இடைநிலை மாணவர்களின் கட்டுரைகளில் சலிக்காமல் திரும்ப வரும் பிழை.

அறிகுறி: ஐந்தாம் நிலைப் பத்திகளில் நீண்ட வாக்கியத்தைப் படிக்கவே நேரம் பிடிக்கிறது

பெயருக்கு முன்னால் நீண்ட அடைமொழி வருவதே காரணம் என்றால், நீங்கள் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போகிறீர்களா என்று பாருங்கள். ‘ட்ஸுவோதியென் லாய் தெ ரென்’ என்பது ‘நேற்று வந்த மனிதர்’. நம் பெயரெச்சத்தின் வரிசையே அது. அடைமொழி எவ்வளவு நீண்டாலும் ‘தெ’ வரும் வரை காத்திருந்து, அதற்கடுத்த பெயரைப் பிடித்துக்கொண்டு, தமிழ்ப் பெயரெச்சமாகவே மனத்தில் நிறுத்துங்கள். காலம், இடம், வினை என்ற வரிசையும் அப்படியே: ‘வோ மிங்தியென் ட்ஸாய் தூஷூகுவான் கான் ஷூ’, நான் நாளை நூலகத்தில் படிப்பேன். சீன விளக்கங்களை ஆங்கிலத்தில் படிப்பதைத் தவிர்க்க இயலாமல் போகலாம். சீன வாக்கியத்தையும் ஆங்கிலமாக்கித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் கட்டுரை பேச்சுபோல இருக்கிறது என்கிறார்கள்

ஆறாம் நிலையிலும் அதற்கு மேலும் பிழை என்பதன் தன்மையே மாறுகிறது. ‘பா’வுக்குப் பதில் ‘ஜியாங்’, நிபந்தனை காட்டும் ‘ரூகுவோ’வுக்குப் பதில் ‘ருவோ’ என்று எழுத்து நடைக்குரிய சொற்கள் வேறாக உள்ளன. அசை எண்ணிக்கையும் இங்கே இலக்கணமாகிறது: நடத்துதல் என்ற பொருளில் வரும் ‘ஜின்சிங்’ தன் பின்னால் ஈரசை வினையையே ஏற்கும், ஆகவே விசாரணை நடத்துதலுக்கு ‘ஜின்சிங் தியாவ்ச்சா’ சரி, ‘ஜின்சிங் ச்சா’ தவறு. ஒரு பேச்சு நடைப் பத்தியையும் அதே பொருளில் எழுதப்பட்ட செய்தி நடைப் பத்தியையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் எதுவாக மாறியது என்று குறிப்பதே இதற்கான பயிற்சி. எழுத்து நடைச் சொல் ஒன்றைப் பேச்சு நடை வாக்கியத்தில் தனியாகச் செருகினால் முன்பைவிட மோசமாகும். மாற்றினால் வாக்கியம் முழுவதையும் மாற்ற வேண்டும்.

அறிகுறி: எழுத்தில் சரியாக வருவது பேச்சில் சிதறுகிறது

மேற்சொன்ன எந்தப் பகுதியிலும் பிழை பிடிபடவில்லை, நிதானமாக எழுதினால் எல்லாம் சரியாகவே வருகிறது என்றால், அறிவில் குறையில்லை, வேகத்தில்தான் குறை. இதற்காகக் கீழ்நிலை இலக்கண நூலை மீண்டும் முதலிலிருந்து புரட்டுவது வீண். உங்கள் தற்போதைய நிலைக்கு இரண்டு நிலை கீழே உள்ள ஒலிப்பதிவை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டவுடன் எதிர்மறையாகவும் வினாவாகவும் வாயால் மாற்றிச் சொல்லுங்கள். எழுதிப் பார்க்க வேண்டாம். சொற்கள் ஏற்கெனவே தெரிந்தவையாக இருப்பதால் கவனம் முழுவதும் அமைப்பின்மீது நிற்கும். எந்த மாற்றத்தில் நாக்கு தயங்குகிறதோ அதைக் குறித்துவைத்து, மறுநாள் அந்தக் கூறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூறு தயக்கமின்றி வருகிறது என்று தோன்றிய பின்பும் ஒரு வார இடைவெளி விட்டு மறுபடி சோதித்துவிட்டே அதைப் பட்டியலிலிருந்து அடியுங்கள்.